வாசித்தவர்கள் என்ன செய்தார்கள்?



பண்டிதர் அயோத்திதாசர் நினைவு உரைக்கு என்னை அழைத்த தோழர்கள் ஊடகம் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். அந்தப் பெரிய பொருளை நான் ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொண்டேன். படிப்பதாலும் பார்ப்பதாலும் கேட்பதாலும் மக்கள் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறதா? வாழ்வின் கடைசி ஏழு ஆண்டுகளை ஒரு வார இதழுக்கே கொடுத்தவரின் நினைவுநாளில் கேட்க வேண்டிய கேள்விதான் இது. மாறாது என்று பண்டிதர் நினைத்திருந்தால் அத்தனை பாடுபட்டிருக்க மாட்டார்.

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. இரண்டையும் பெரும்பாலும் ஒரே வாய்தான் சொல்கிறது. சாதிப் பெருமை பேசும் படத்தை நாம் விமர்சித்தால், “சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கள், படம் பார்த்துவிட்டு எவன் அரிவாளைத் தூக்கப்போகிறான்” என்பார்கள். சேரிப் பையனும் ஊர்ப் பெண்ணும் காதலித்தால், “எல்லாம் சினிமா பார்த்துக் கெட்டுப்போனது” என்பார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் நம் மக்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அதையொட்டி நடந்த சாதிக் கூட்டங்களில் ஜீன்ஸ் பேன்ட்டும் கூலிங் கிளாஸும்தான் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டன. கொளுத்தியவர்கள் எதைப் பார்த்துக் கொளுத்தினார்கள் என்று அந்த மேடைகளில் யாரும் கேட்கவில்லை.

ஆகவே ஊடகம் மனிதர்களை மாற்றுகிறதா என்பதோடு, அதை யார் யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு வரலாறு உதவும்.

தரை டிக்கெட்டைக் கண்டு பயந்தவர்கள்

இந்தியாவில் சினிமாவுக்கான முதல் சட்டம் 1918இல் வந்தது. 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. வெள்ளை அரசின் கவலை எளிமையானது. படிக்கத் தெரியாத சுதேசி கொட்டகையில் உட்கார்ந்து மேல்நாட்டுப் படம் பார்க்கிறான். வெள்ளைக்காரர்கள் திருடுவதையும் ஏமாற்றுவதையும் முத்தமிடுவதையும் பார்க்கிறான். நாளைக்கு நம்மை மதிப்பானா? இந்த அச்சம் முற்றியபோது 1927இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார்கள். அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழு நாடு முழுக்கச் சுற்றி 353 சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை தந்தது.

வெளிநாட்டுப் படங்கள் இந்தியரின் ஒழுக்கத்தைக் கெடுக்கின்றன என்ற கூச்சலுக்குப் போதிய ஆதாரமில்லை என்ற முடிவுக்கே அந்தக் குழு வந்தது. இருந்தும் தணிக்கை நீங்கவில்லை. ஆதாரம் இருந்ததால் வந்த அச்சம் அல்ல அது. ஆதாரம் இல்லை என்று சொன்னதும் அது போய்விடவில்லை. சம்பந்தப்பட்டவர்களைப் பாருங்கள். சட்டம் போட்டவர்கள், படம் எடுத்தவர்கள், சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் படித்தவர்கள், வசதியானவர்கள். எளிதில் கெட்டுப்போகக்கூடியவன் என்று அவர்கள் கருதியது தரை டிக்கெட்காரனை. தான் பார்த்தால் ரசனை, தனக்குக் கீழே இருப்பவன் பார்த்தால் ஆபத்து என்ற எண்ணம் வெள்ளைக்காரனோடு கப்பல் ஏறிப் போய்விடவில்லை.

இரண்டணாவும் ஒரு பைசாவும்

நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டார்கள். மக்கள் கெட்டுப்போவார்களா என்று அவர்கள் பயப்படவில்லை. மக்கள் எழுந்து நிற்பார்களா என்று பார்த்தார்கள்.

1869இலேயே ‘சூரியோதயம்’ என்ற இதழ் நம்மவர்களால் நடத்தப்பட்டது என்பதை ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் எடுத்துக்காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த இதழ்களில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. முதல் இதழின் ஏறக்குறைய 400 பிரதிகள் இரண்டே நாளில் விற்றுவிட்டன என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மாத இதழாகத் தொடங்கிய பத்திரிகை சில மாதங்களில் வார இதழானது. 1900 வரை நடந்தது.

அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசியுங்கள். எந்தச் சொல்லைச் சொல்லி நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்தச் சொல் பத்திரிகையின் முகப்பில் பெரிய எழுத்தில் நின்றது. அதை வாங்க வேண்டுமானால் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு வீதியில் நடக்க வேண்டும். படித்தும் ஓரளவு வசதி அடைந்தும் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளக் கூசி ஒதுங்கி வாழ்ந்தவர்களை எண்ணித்தான் சீனிவாசன் அந்தப் பெயரை வைத்தார். உள்ளே இருந்ததைப் படிப்பதற்கு முன்பே, அதை வாங்கியது ஒரு செயலாகிவிட்டது.

அந்த இதழ் வந்த அதே 1893இல், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அப்படி நடந்தால் அதிகாரம் முழுவதும் உயர்சாதியார் கைக்குப் போய்விடும் என்று சீனிவாசனும் அவருடைய சபையினரும் எதிர்த்தார்கள். சென்னையில் கூட்டம் கூட்டி, மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் கையெழுத்து வாங்கி, பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று இன்று விவாதிக்கலாம். நான் பார்ப்பது வேறு. பத்திரிகை 400 பிரதி போனது; கையெழுத்து 3,000க்கு மேல் விழுந்தது. படித்தவர்களைவிடக் கையெழுத்துப் போட்டவர்கள் பல மடங்கு அதிகம். அச்சு மட்டும் அத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. நடுவில் சபை இருந்தது, கூட்டம் இருந்தது, வீடு வீடாகப் போன கால்கள் இருந்தன.

சீனிவாசனின் தங்கையை மணந்தவர் அயோத்திதாசர். உறவு அப்படி இருந்தும் ‘பறையன்’ என்ற பெயரைப் பண்டிதர் ஏற்கவில்லை. அது பகைவர் வைத்த பெயர் என்பது அவர் வாதம். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி அது ‘தமிழன்’ ஆனது. 1914 மே 5 அன்று அவர் மறையும்வரை வாரந்தோறும் வந்தது. பத்திரிகையின் பெயரையே வாசகர் சொல்லி மாற்றினார் என்றால், அந்த வாசகரை வெறும் நுகர்வோர் என்று சொல்ல முடியாது.

‘தமிழ’னின் முக்கியமான வாசகர்கள் கோலார் தங்கவயலில் இருந்தார்கள். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்கள் அவர்கள். பண்ணையார் இல்லாத, மாதச் சம்பளம் உள்ள இடம். ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நம்மவர்கள் இதைப் படித்தார்கள். பக்கங்களைப் புரட்டினால் வாசகர் கேள்விகளும் பண்டிதர் பதில்களும் நிறைய இருக்கும். இந்தப் பண்டிகை யாருடையது, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், குடிமதிப்பில் என்னவென்று பதிவது என்றெல்லாம் கேட்டார்கள். 1911 குடிமதிப்பு நெருங்கியபோது, சாதிப் பெயரைச் சொல்லாதீர்கள், சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பௌத்தர் என்றும் பதியுங்கள் என்று இதழ் தொடர்ந்து சொன்னது. அதைக் கேட்டு நடந்தவர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் எழுந்தது. புரோகிதர் இல்லாமல் திருமணங்கள் நடந்தன. அவை இதழில் செய்தியாயின. அந்தச் செய்தியைப் படித்து வேறு ஊரில் இன்னொரு திருமணம் அதே முறையில் நடந்தது.

இதை நம்பிக்கையால் மட்டும் சொல்லவில்லை. பண்டிதர் மறைந்த பிறகு ‘தமிழன்’ நின்றுபோனது. 1926இல் அதை மறுபடி உயிர்ப்பித்தது சென்னை அல்ல, கோலார் தங்கவயல். ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து நடத்தினார். எந்த ஊரில் வாசிப்பு சங்கமாகியிருந்ததோ, அந்த ஊர்தான் பத்திரிகையைத் திரும்பப் பெற்றெடுத்தது.

மராட்டியத்தில் இதே உறவு தலைகீழாகவும் நடந்தது. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார், அது நீடிக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் இறங்கி மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 3 அன்று ‘பகிஷ்கிருத் பாரத்’ வெளிவந்தது. இங்கே செயல் முதலில் வந்தது, இதழ் பின்னால் வந்தது. குடித்த தண்ணீருக்காக அடிவாங்கிய மக்களுக்கு, அவர்கள் செய்தது என்ன என்பதை எடுத்துச் சொல்ல ஒரு இதழ் தேவைப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அதே மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஊடகம் செயலைப் பிறப்பிக்கிறதா, செயல் ஊடகத்தைப் பிறப்பிக்கிறதா என்று கேட்டால், மகாடு இரண்டையும் காட்டுகிறது.

சமூகவியல் சொல்வது

சமூகவியல் வகுப்பில் நான் இந்தக் கேள்வியை அமெரிக்க ஆய்வுகள் வழியாகத்தான் முதலில் படித்தேன். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில் பால் லசார்ஸ்ஃபெல்டும் அவருடைய தோழர்களும் 600 பேரைக் கொண்ட ஒரு குழுவை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வானொலியும் பத்திரிகையும் வாக்குகளை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கப் போனவர்கள் அவர்கள். கண்டது வேறு. மனம் மாறியவர்கள் மிகச் சிலர். மாறியவர்களும் தமக்குத் தெரிந்த, தாம் மதிக்கிற ஒருவர் சொல்லித்தான் பெரும்பாலும் மாறினார்கள். ஊடகத்திலிருந்து அந்த ஒருவருக்கும், அவரிடமிருந்து மற்றவர்களுக்கும் என்று கருத்து இரண்டு படியாக இறங்குகிறது என்றார்கள். டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க நால்வர் கேட்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல.

“அப்படியானால் ஊடகத்தால் ஆபத்தில்லை, மனிதர்கள்தான் காரணம்” என்று இதை வைத்துச் சிலர் தப்பிக்கப் பார்க்கலாம். அவர்களுக்கு ருவாண்டாவைச் சொல்ல வேண்டும். அங்கே 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைத்தது. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை அந்த நாட்டில் இனப்படுகொலை நடந்தது. மலைகள் நிறைந்த நாடு அது; அலை எட்டிய ஊர்களும் மலை மறைத்த ஊர்களும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு டேவிட் யனகிசவா ட்ரொட் என்ற பொருளியலாளர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வன்முறையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு அந்த வானொலி காரணம் என்பது அவருடைய கணக்கு. பக்கத்து ஊரில் அலை எட்டியிருந்தால், எட்டாத ஊரிலும் கொலை கூடியது என்றும் கண்டார். படுகொலையில் ஈடுபட்டுத் தண்டனை பெற்றவர்களைச் சிறைகளில் சந்தித்த ஸ்காட் ஸ்ட்ராஸ், நேரில் வந்து அழைத்தவர்களோடுதான் பெரும்பாலோர் புறப்பட்டார்கள் என்று எழுதினார்.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். சேர்த்துப் படித்தால் பொருந்தும். வானொலி ஒரு பகையை ஊரறிந்த பேச்சாக்கியது. பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டியபோது அது செயலானது. கோலாரில் திருமணத்தை மாற்றியதும் ருவாண்டாவில் கத்தியை எடுக்க வைத்ததும் ஒரே விதமான இணைப்புதான். அச்சோ அலையோ மட்டும் இருந்து பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும்போதே நடக்கிறது. நல்லதும் கெட்டதும் அந்தக் கூட்டத்தின் தன்மையைப் பொறுத்தவை.

கொட்டகையும் கைபேசியும்

தமிழ்ச் சினிமாவுக்கு வருவோம். பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒரு முக்கியமான செய்தியைக் கவனப்படுத்தினார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான் என்றார். அங்கே இடத்தை முடிவு செய்தது டிக்கெட் விலை, சாதி அல்ல. காசு யாரிடம் இருந்தது என்பதைச் சாதி முடிவு செய்தது உண்மைதான். ஆனாலும் கோயிலுக்குள் போக முடியாதவன் கொட்டகைக்குள் போனான். திரையில் ஓடிய கதை பெரும்பாலும் பழைய கதைதான். திரைக்கு எதிரில் உட்கார்ந்ததுதான் புதிது. நம் மக்களைப் பொறுத்தவரை சினிமா கொண்டுவந்த முதல் நடத்தை மாற்றம் படத்தில் இல்லை, தரையில் இருந்தது.

1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ வன்முறை வேண்டாம் என்று முடிகிற படம். அதன் பாடல் ஒன்று தென்மாவட்டங்களில் சாதி விழாக்களின் கீதமானது. படத்தின் முடிவைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, பாட்டை மட்டும் ஒலிபெருக்கிக்கு எடுத்துப்போனது ஒரு கூட்டம்.

2023 ஜூனில் ‘மாமன்னன்’ வந்தது. ‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலு ஏற்ற இசக்கி என்ற பாத்திரத்திலிருந்து எழுந்த கேள்விதான் தன் படம் என்று இயக்குநர் மாரி செல்வராஜ் வெளிப்படையாகச் சொன்னார். சாதி ஆணவத்தின் கொடூரத்தைக் காட்டவே ரத்தினவேலு என்ற வில்லன் படைக்கப்பட்டான். சில வாரங்களில் என்ன நடந்தது? ரத்தினவேலுவின் காட்சிகளை வெட்டி, தங்கள் தங்கள் சாதிப் பாடலை ஒட்டி, அவனை நாயகனாக்கி இளைஞர்கள் பரப்பினார்கள். ஒரு சாதியார் மட்டுமல்ல, பல சாதியார். ஒரு படைப்பை அதை ஆக்கியவர் நினைத்தபடியே பார்வையாளர் பொருள்கொள்ள வேண்டியதில்லை என்று ஸ்டுவர்ட் ஹால் 1973இல் எழுதினார். எதிர்த்துப் படிப்பது ஒடுக்கப்பட்டவர்களின் ஆயுதம் என்றே நாம் அதைப் புரிந்துவைத்திருந்தோம். ஆதிக்கச் சாதிக்கும் அந்த ஆயுதம் தெரியும் என்று ரத்தினவேலு காட்டிவிட்டான். நல்ல படம் எடுத்தால் சமூகம் திருந்தும் என்று நம்புகிற நம் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதே 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நம் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவர்கள் என்ன படம் பார்த்தார்கள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. போனால் உண்மையான காரணம் தப்பித்துவிடும். அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்கவும் பரிந்துரைத்தது. கையிலிருக்கும் கயிறு, கைபேசியில் வைக்கும் ஸ்டேட்டஸ், தெருமுனையில் நிற்கும் பெயர்ப்பலகை, வீட்டில் தாத்தா சொல்லும் பெருமை ஆகியவை சேர்ந்துதான் ஒரு பையனைச் சுற்றிக் கூட்டமாக நிற்கின்றன. வீடியோ அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள். முக்கியமான ஆள், ஆனால் தனி ஆள் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, தடை செய் என்று எடுத்த எடுப்பில் கேட்பதை நாம் யோசித்துச் செய்ய வேண்டும். 1918 முதல் தணிக்கைக் கத்தரி தரை டிக்கெட்காரனை நினைத்தே தீட்டப்பட்டது. நாம் அதைக் கூர்மையாக்கிக் கொடுத்தால் முதலில் வெட்டுப்படுவது நம் படமும் நம் பாட்டும்தான். அதற்காக வெறுப்புப் பேச்சை விட்டுவிட வேண்டியதில்லை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு) பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையும் வெறுப்பும் வளர்க்கும் பேச்சையும் எழுத்தையும் காட்சியையும் குற்றமாக்குகிறது. கதவைத் தட்டக் கிளப்பும் பேச்சுக்கு அந்தப் பிரிவை நாம் கேட்டுப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது நம் கையிலேயே இருக்கிறது. எங்கள் காலனியில் அம்பேத்கர் மன்றத்தில் ஒரு படிப்பகம் இருந்தது. ஒரே ஒரு பேப்பர் வரும். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எங்கள் அண்ணன்மார் உரக்கப் படிப்பார்கள். படித்ததைவிட அதன்மேல் நடந்த சண்டைதான் நீளம். அரசியல் எனக்கு அங்கேதான் பழகியது. பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது, படிப்பகம் பூட்டப்பட்டது. இப்போது அதன் திண்ணையில் பத்துப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு கைபேசியோடு. பத்துப் பேரும் பத்து வீடியோ பார்க்கிறார்கள். எதையும் விவாதிப்பதில்லை.

எதிர்த்தரப்புக்கு இன்று கைபேசியும் இருக்கிறது, கூடுகிற இடமும் இருக்கிறது. நம்மிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதைக் கைவிட்டு வருகிறோம். நமக்கு எழுத்தாளர்கள் வந்துவிட்டார்கள், இயக்குநர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் படைப்பதைக் கூடி உட்கார்ந்து படிக்கவும் பார்க்கவும் சண்டை போடவும் இடம் வேண்டும். அந்தத் திண்ணையில் வாரம் ஒருநாள், ஒரே படத்தைப் பத்துப் பேரும் சேர்ந்து பார்த்துப் பேசினால் போதும், தொடங்கிவிடலாம். இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பண்டிதர் ஒரு பைசாவுக்கு இதழ் விற்றார். அதை வாங்கியவர்கள் சங்கம் கட்டினார்கள். அந்தச் சங்கம் இதழை மீட்டது. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று இரண்டு பக்கமும் வேலை நடந்திருக்கிறது. நம் பக்கத்துப் பாதியை நாம் செய்வோம்.